டிசம்பர் 31-ஓடு முடியும் வரி கிரெடிட்கள்: வீட்டுக்காரர்களுக்கும் கடைக்காரர்களுக்கும்

எடிசன்வாசி | டிசம்பர் 6, 2025

எல்லோருக்கும் வணக்கம். நியூ ஜெர்சியில் சொந்த வீடு. கேஸ் ஃபர்னஸ், ஏசி இரண்டும் இந்தக் குளிர்காலத்தைத் தாண்டாது போலிருக்கிறது. இரண்டுக்கும் பதிலாக, சூடும் குளிரும் ஒரே கருவியில் தரும் ஹீட் பம்ப் மாட்ட 14,500 டாலருக்கு எஸ்டிமேட் வந்திருக்கிறது. இதற்கு நடுவில் ஒரு சோலார் விற்பனையாளர் விடாமல் கதவைத் தட்டுகிறார். 28,000 டாலர், அதில் 30 சதவீதம் அரசாங்கம் திருப்பித் தரும், ஆனால் இந்த மாதத்தோடு சரி என்கிறார். "இப்போது கையெழுத்துப் போட்டு முழுப் பணத்தையும் கட்டிவிடுங்கள், பேனலைப் பிப்ரவரியில் ஏற்றிக்கொள்ளலாம், கிரெடிட் இந்த வருடக் கணக்கில் வந்துவிடும்" என்பது அவர் வாதம். நம்பலாமா?

இன்னொன்று. என் மச்சான் சிறிய உணவகம் வைத்திருக்கிறார். ஆள் எடுத்தால் கிடைக்கும் ஒரு கிரெடிட்டும் இதே தேதியில் முடிகிறது என்று அவருக்குச் சம்பளக் கணக்கு பார்க்கும் நிறுவனம் மெயில் அனுப்பியிருக்கிறது. இரண்டும் ஒரே சட்டத்தால் வந்ததா?

---

பிளேனோ_கணக்கர் | டிசம்பர் 6, 2025

நம்பாதீர்கள் சார். அவர் சொல்வதில் 30 சதவீதம் உண்மை, டிசம்பர் 31 உண்மை, நடுவில் இருப்பது தவறு.

வீட்டுக்கூரை சோலாருக்கான கிரெடிட் (கட்ட வேண்டிய வரியில் கழியும் தொகை) வரிச் சட்டத்தில் பிரிவு 25டி. இந்த ஜூலை 4-ஆம் தேதி கையெழுத்தான பெரிய வரிச் சட்டம், "டிசம்பர் 31, 2025-க்குப் பிறகு செய்த செலவுக்குக் கிடையாது" என்று அதை வெட்டிவிட்டது. செலவு எப்போது "செய்ததாக" ஆகும்? பணம் கட்டிய நாளில் அல்ல, நிறுவும் வேலை முடிந்த நாளில். அமெரிக்க வருமான வரித் துறையான ஐ.ஆர்.எஸ். ஆகஸ்ட் மாதம் வெளியிட்ட கேள்வி பதிலிலும் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. டிசம்பரில் முழுத் தொகையும் கட்டி, பேனல் பிப்ரவரியில் கூரை ஏறினால் உங்களுக்கு ஒரு சென்ட்கூடக் கிடையாது. காசு போனது போனதுதான்.

ஹீட் பம்ப் வேறு பிரிவு, 25சி. அதற்கும் இதே கடைசி நாள். அன்றைக்குள் பொருத்தி ஓட்டத்துக்கு வந்திருக்க வேண்டும். 30 சதவீதம் என்றாலும் ஹீட் பம்ப்புக்கு 2,000 டாலர்தான் உச்சம். உங்கள் 14,500-இல் 30 சதவீதம் 4,350 வருகிறது, கிடைப்பது 2,000.

உணவகக் கிரெடிட் தனிக்கதை. அந்தத் தொழில் செய்கிறவர்கள் இங்கே இருக்கிறார்கள், அவர்கள் சொல்லட்டும்.

---

மிச்சிகன்_மீனா | டிசம்பர் 6, 2025

எடிசன்வாசி அண்ணா, சோலாரை விடுங்கள், ஹீட் பம்ப்பைப் பிடியுங்கள். நாங்கள் போன வருடம் போட்டோம், மிச்சிகன் குளிரையே தாங்குகிறது. ஆனால் ஒரு விஷயம்: எல்லா ஹீட் பம்ப்புக்கும் 25சி கிடையாது. வெளியே வைக்கும் யூனிட்டையும் உள்ளே இருக்கும் காயிலையும் ஜோடியாகச் சோதித்துக் கொடுக்கும் ஏ.எச்.ஆர்.ஐ. சான்றிதழ் எண் இருக்கும். அந்த ஜோடி உயர்ந்த செயல்திறன் அடுக்கில் வர வேண்டும். எங்கள் கான்ட்ராக்டர் முதலில் கொடுத்த எஸ்டிமேட்டில் வெளி யூனிட்டின் மாடல் மட்டும்தான் இருந்தது. "ஜோடி எண் எங்கே?" என்று கேட்டதும் அவராகவே உள் யூனிட்டை மாற்றி எழுதிக்கொண்டு வந்தார்! விலை வித்தியாசம் பெரிதாக ஒன்றும் இல்லை.

2025-க்கு இன்னொரு புது விதி: தயாரிப்பாளருக்கு ஐ.ஆர்.எஸ். கொடுத்த நான்கு எழுத்து எண் கணக்கில் போட வேண்டும். அது இல்லாவிட்டால் இந்தக் கிரெடிட்டைக் கேட்கும் படிவம் 5695 நகராது. கான்ட்ராக்டர் ஊரைவிட்டு மறைவதற்குள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

---

சன்னிவேல்_சுப்பு | டிசம்பர் 7, 2025

இந்தக் கிரெடிட்களெல்லாம் வீட்டுக்காரனுக்குப் போகிறது என்று யார் சொன்னது? 30 சதவீதம் அறிவித்தால் விற்பவன் 20 சதவீதம் விலையேற்றுகிறான். அதுவும் கடனில் வாங்கினால் "டீலர் ஃபீ" என்று ஒன்றை விலைக்குள்ளேயே ஒளித்து வைக்கிறார்கள். ரொக்க விலை என்ன என்று கேட்டுப் பாருங்கள், 28,000 எங்கே போய் நிற்கிறது என்று தெரியும். ஜனவரியில் விலை இறங்கும், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

---

பிளேனோ_கணக்கர் | டிசம்பர் 7, 2025

சுப்பு சார், உங்கள் சதவீதக் கணக்குக்கு ஆதாரம் கேட்டால் தரமாட்டீர்கள், தெரியும். ஆனால் டீலர் ஃபீ விஷயம் நிஜம். கடனுக்கான வட்டி, கடன் ஏற்பாட்டுக் கட்டணம் இவற்றுக்கெல்லாம் 30 சதவீதம் கிடையாது. இன்வாய்ஸில் அவற்றையும் சேர்த்துப் போட்டுக்கொண்டு வருகிறவர்கள் என்னிடம் நிறையப் பேர்.

விற்பனையாளர்கள் சொல்லாமல் விடும் இன்னொரு விஷயம்: "அரசாங்கம் திருப்பித் தரும்" என்பதே தவறான பேச்சு. இது உங்கள் வரியைக் குறைக்கும், கையில் காசாக வராது. ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள். வருட வரி 9,500 டாலர் என்று வையுங்கள். குழந்தைகளுக்கான கிரெடிட் 2025-இல் தலைக்கு 2,200, ஆக 4,400 கழிகிறது. மிச்சம் 5,100. சோலார் 28,000-க்கு 30 சதவீதம் 8,400. இந்த வருடம் பயன்படுவது 5,100 மட்டும். 3,300 அடுத்த வருடத்துக்குத் தள்ளப்படும். 25டி-யில் அப்படித் தள்ளலாம். 25சி-யில் தள்ள முடியாது, அந்த வருடம் பயன்படாதது அப்படியே போய்விடும்.

வேலையிலிருந்து ஓய்வுபெற்று, வரியே வராத பெரியவர்களிடம் போய் இந்தக் கிரெடிட்டைக் காட்டி சோலார் விற்கிறார்கள். அவர்களுக்கு 30 சதவீதமும் சுழியம்தான்.

---

இட்லிக்கடை_சிகாகோ | டிசம்பர் 7, 2025

மச்சானுக்கு நான் சொல்கிறேன். பல வருடமாக இதைப் பயன்படுத்துகிறேன்.

அதன் பெயர் டபிள்யூ.ஓ.டி.சி. 1996-இல் கொண்டு வந்தார்கள். வேலை கிடைக்கச் சிரமப்படுகிற சிலரை எடுத்தால் முதலாளிக்கு வரிச் சலுகை. ஃபுட் ஸ்டாம்ப் (அரசின் உணவு உதவி) வாங்கும் குடும்பத்து 18 முதல் 39 வயதுக்காரர்கள், முன்னாள் ராணுவத்தினர், சிறையிலிருந்து வந்து ஒரு வருடத்துக்குள் இருப்பவர்கள், 27 வாரமோ அதற்கு மேலோ வேலையில்லாமல் இருந்தவர்கள், இப்படிப் பட்டியல் போகும். எடுத்தவர் 400 மணி நேரம் வேலை செய்தால் முதல் 6,000 டாலர் சம்பளத்தில் 40 சதவீதம், அதாவது 2,400 வரை. 120 மணி நேரம் தாண்டி 400-ஐத் தொடாமல் போய்விட்டால் 25 சதவீதம். ராணுவத்தில் சேவையால் ஊனமுற்று, நீண்ட நாள் வேலையும் இல்லாதவரை எடுத்தால் 9,600 வரை போகும். சொந்தக்காரர்களை எடுத்தால் கிடையாது, அதனால் மச்சான் உங்களை வேலைக்கு வைத்து ஒன்றும் சாதிக்க முடியாது :)

எங்கள் தொழிலில் பாத்திரம் கழுவ, காய் வெட்ட வருகிறவர்கள் இரண்டு மாதத்தில் போய்விடுவார்கள். அதனால் அந்த 120 மணி நேரம்தான் எங்களுக்கு நிஜமான எல்லைக்கோடு.

இதில் மாட்டிக்கொள்ளும் இடம் படிவம் 8850. வேலை கொடுக்கும் நாளிலோ அதற்கு முன்போ ஆள் அந்த முதல் பக்கத்தை நிரப்பிக் கையெழுத்துப் போட வேண்டும். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 28 நாளுக்குள் மாநில வேலைவாய்ப்புத் துறைக்கு அதை அனுப்பிவிட வேண்டும். 29-ஆவது நாள் அனுப்பினால் அவர் எவ்வளவு தகுதியானவராக இருந்தாலும் மறுப்புக் கடிதம்தான். நான் விண்ணப்பப் படிவத்தோடு சேர்த்தே பின் அடித்து வைத்திருக்கிறேன். வேலை கேட்டு வருகிற எல்லோரும் நிரப்புவார்கள், ஆளைப் பார்த்துக் கொடுப்பதில்லை.

---

எடிசன்வாசி | டிசம்பர் 8, 2025

நன்றி அண்ணா. அப்படியென்றால் டிசம்பர் 31-க்குள் அவர் நாலு பேரைச் சேர்த்துவிட வேண்டுமா?

---

இட்லிக்கடை_சிகாகோ | டிசம்பர் 8, 2025

கிரெடிட்டுக்காக ஆள் எடுப்பது புத்திசாலித்தனம் இல்லை. 2,400 வாங்குவதற்காக 6,000-க்கு மேல் சம்பளம் கொடுக்கிறோம். ஆள் தேவை இருந்தால் எடுக்கட்டும். 31-க்குள் வேலையைத் தொடங்கினால் போதும், சம்பளம் 2026-இல் கொடுத்தாலும் அந்த ஆளுக்குக் கிரெடிட் தொடரும்.

இன்னொன்று: மெயில் அனுப்பும் நிறுவனங்களில் சில, கிடைக்கும் கிரெடிட்டில் ஒரு பங்கைக் கட்டணமாக எடுக்கின்றன. ஐந்து பத்து பேர் கடைக்கு அது தேவையில்லை. படிவம் இரண்டு பக்கம்தான்.

---

சன்னிவேல்_சுப்பு | டிசம்பர் 8, 2025

எப்படியும் எடுக்கப்போகிற ஆளுக்கு அரசாங்கம் எதற்குக் காசு கொடுக்க வேண்டும்? பெரிய சங்கிலிக் கடைகளும் தற்காலிக ஆள் அனுப்பும் கம்பெனிகளும் மென்பொருள் வைத்து அள்ளிக்கொண்டு போகின்றன. உங்களைப் போன்ற சின்னக் கடைகளுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. முடியட்டும், நல்லதுதான்.

---

இட்லிக்கடை_சிகாகோ | டிசம்பர் 8, 2025

பெரியவர்கள் அள்ளுகிறார்கள் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சிறையிலிருந்து வந்தவரின் விண்ணப்பத்தை எடுத்துப் பார்க்கவே யோசிக்கிற முதலாளி, அந்த 2,400-க்காக ஒரு தடவை கூப்பிட்டுப் பேசுகிறான். என் சமையலறையில் இன்று மூத்த கை அப்படி வந்தவர்தான். அவரை நான் கிரெடிட்டுக்காக வைத்திருக்கவில்லை; முதல் வருடத்தோடு கிரெடிட் முடிந்துவிட்டது. கூப்பிட்டது மட்டும் அதற்காக.

---

பிளேனோ_கணக்கர் | டிசம்பர் 9, 2025

எடிசன்வாசி முதலில் கேட்ட "ஒரே சட்டமா" என்பதற்குப் பதில் இன்னும் யாரும் சொல்லவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இரண்டையும் "எக்ஸ்பயர்" என்று ஒரே மூட்டையில் கட்டினால் தவறான முடிவெடுப்பீர்கள்.

டபிள்யூ.ஓ.டி.சி. பிறந்ததிலிருந்தே தவணை முறையில் வாழ்கிற கிரெடிட். காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) சில வருடத்துக்கு நீட்டும், தேதி வரும், காலாவதியாகும், பல மாதம் கழித்து முன்தேதியிட்டுப் புதுப்பிப்பார்கள். 2014 முழுவதும் இல்லாமல் இருந்தது, டிசம்பர் 19-இல் அந்த வருடம் முழுமைக்கும் சேர்த்து உயிர் கொடுத்தார்கள். பன்னிரண்டு நாளில் திரும்பவும் செத்தது. 2015 டிசம்பர் 18-இல் மறுபடி அந்த வருடத்தோடு சேர்த்து 2019 வரை நீட்டினார்கள். கடைசி நீட்டிப்பு 2020 டிசம்பரில், ஐந்து வருடத்துக்கு. அந்த ஐந்து வருடம்தான் இப்போது முடிகிறது. ஜூலைச் சட்டம் இதைத் தொடவே இல்லை, நீட்டவும் இல்லை, வெட்டவும் இல்லை.

25சி, 25டி நிலைமை நேர்மாறு. 2022 சட்டத்தின்படி 25சி 2032 வரை, 25டி 30 சதவீதமாக 2032 வரையும் பிறகு குறைந்துகொண்டே 2034 வரையும் இருந்திருக்க வேண்டியவை. பாதியில் வெட்டியிருக்கிறார்கள். மறந்துபோய் விட்டதல்ல, வேண்டுமென்றே முடித்தது. அதனால் டபிள்யூ.ஓ.டி.சி. திரும்பி வரலாம் என்று தயாராக இருப்பது நியாயம். சோலார் கிரெடிட் முன்தேதியிட்டுத் திரும்பி வரும் என்று நம்பிக் கடன் வாங்குவது நியாயமில்லை.

---

மிச்சிகன்_மீனா | டிசம்பர் 9, 2025

25சி-யும் முன்பு செத்துப் பிழைத்ததுதானே சார்? 2008-இல் இல்லை என்று என் அண்ணன் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

---

பிளேனோ_கணக்கர் | டிசம்பர் 9, 2025

சரிதான் மேடம். 2006-இல் தொடங்கி, 2007-ஓடு முடிந்து, 2008-இல் இல்லாமல் இருந்து, 2009-இல் வந்தது. வாழ்நாள் முழுவதற்கும் 500 டாலர் உச்சம் என்று பல வருடம் கிடந்தது. அப்போதெல்லாம் அதுவும் தேதி போட்ட கிரெடிட். இந்த முறை நடந்தது வேறு. எதிர்காலத்தில் இன்னொரு காங்கிரஸ் இன்னொரு பெயரில் கொண்டு வரலாம். அது அப்போதைய கதை.

---

கேரி_கார்த்தி | டிசம்பர் 11, 2025

நான் வட கரோலினா. பேனல், இன்வர்ட்டர், பேட்டரி எல்லாம் ஏறிவிட்டன. நகராட்சி இன்ஸ்பெக்‌ஷன் அடுத்த வாரம். ஆனால் மின் நிறுவனம் ஓட்டிக்கொள்ளலாம் என்று அனுமதி கொடுக்க ஜனவரி ஆகும் என்கிறார்கள். ஸ்விட்சைப் போடாமல் கிரெடிட் கேட்கலாமா?

---

பிளேனோ_கணக்கர் | டிசம்பர் 11, 2025

சட்டத்தில் இருப்பது "நிறுவல் முடிந்த நாள்". மின் நிறுவன அனுமதி பற்றி 25டி-யில் ஒரு வார்த்தையும் இல்லை. என் வாசிப்பில், வேலை முழுதும் முடிந்து நகராட்சியின் இறுதி இன்ஸ்பெக்‌ஷனும் டிசம்பரில் ஆகிவிட்டால் நீங்கள் பலமான இடத்தில் இருக்கிறீர்கள். எல்லாக் கணக்கர்களும் இதில் ஒரே மாதிரி பேசுவதில்லை. அனுமதிக் கடிதம் கேட்கிறவர்களும் உண்டு. அதனால் காகிதம் சேருங்கள். மெயின் பேனல் கதவில் ஒட்டிவிட்டுப் போகும் இன்ஸ்பெக்‌ஷன் ஸ்டிக்கரைத் தேதி தெரியும்படி படமெடுங்கள். வேலை முடிந்ததாக நிறுவியவர் கையெழுத்திட்ட கடிதம், இறுதி இன்வாய்ஸ் இரண்டும் டிசம்பர் தேதியில் வேண்டும். "பேனல் வைத்தாயிற்று, கம்பி மட்டும் ஜனவரியில்" என்றால் அது முடிந்த வேலை அல்ல.

பேட்டரி 3 கிலோவாட்-மணிக்குக் குறையாமல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். வீட்டு பேட்டரிகள் பொதுவாக அதைத் தாண்டித்தான் இருக்கும்.

---

எடிசன்வாசி | டிசம்பர் 13, 2025

சோலார்காரர் பேச்சை மாற்றிவிட்டார். "சரி, வாங்க வேண்டாம், லீஸ் எடுங்கள். லீஸுக்குக் கிரெடிட் இன்னும் இருக்கிறது, மாதம் 150 டாலர் மட்டும்" என்கிறார். இதுவும் கதையா?

---

சன்னிவேல்_சுப்பு | டிசம்பர் 13, 2025

கிரெடிட் இருப்பது உண்மை. யாருக்கு என்பதுதான் கேள்வி. லீஸில் பேனல் கம்பெனியின் சொத்து, கம்பெனிதான் வணிகக் கிரெடிட்டை வாங்குகிறது. அது இன்னும் உயிரோடு இருக்கிறது: 2026 ஜூலை 4-க்குள் வேலையைத் தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் 2027 முடிவதற்குள் ஓட்டத்துக்கு வர வேண்டும். அதனால்தான் இந்த ஆட்கள் ஜனவரியிலிருந்து லீஸ், லீஸ் என்று கூவப்போகிறார்கள்.

காகிதத்தில் "எஸ்கலேட்டர்" என்ற வரியைத் தேடுங்கள். வருடம் 2.9 சதவீதம் ஏற்றம் என்று போட்டிருந்தால், இன்றைய 150 டாலர் 25-ஆவது வருடத்தில் கிட்டத்தட்ட 300. நடுவில் வீட்டை விற்றால் வாங்குகிறவர் அந்த லீஸைத் தலையில் ஏற்றிக்கொள்ளச் சம்மதிக்க வேண்டும், இல்லை நீங்கள் மொத்தமாகக் கட்டி முடிக்க வேண்டும். என் தெருவில் ஒரு வீடு இதனாலேயே விற்காமல் இழுத்தடித்தது. கொடுத்த வாக்கும் கூரைமேல் ஏறிய பேனலும் லேசில் இறங்காது.

---

மிச்சிகன்_மீனா | டிசம்பர் 14, 2025

சுப்பு அண்ணா சொல்வது சரி, ஆனால் லீஸ் எல்லோருக்கும் கெட்டது என்றும் இல்லை. பிளேனோ சார் சொன்ன, வரியே வராத பெரியவர்களுக்குக் கிரெடிட் எப்படியும் பயன்படாது. ஏற்றம் இல்லாத லீஸ் கிடைத்து, அந்த வீட்டிலேயே இருக்கப்போகிறார்கள் என்றால் யோசிக்கலாம்.

எடிசன் அண்ணாவுக்கு: நியூ ஜெர்சியில் மாநிலச் சலுகைகள் தனி. சோலாருக்கு விற்பனை வரி கிடையாது, பேனலால் உயரும் வீட்டு மதிப்புக்குச் சொத்து வரியும் கிடையாது. 1,000 யூனிட் உற்பத்திக்கு ஒரு சான்று என்று 15 வருடம் பணம் வரும் திட்டமும் இருக்கிறது. இவை எதற்கும் டிசம்பர் 31-க்கும் சம்பந்தமில்லை. அவசரமே வேண்டாம், நிதானமாக மூன்று எஸ்டிமேட் வாங்குங்கள்.

---

டெலவேர்_தேவி | டிசம்பர் 16, 2025

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். 18 பேர் வேலை செய்யும் மென்பொருள் நிறுவனம் நடத்துகிறேன். சம்பளத்தோடு மகப்பேறு விடுப்புக் கொடுத்தால் கிடைக்கும் கிரெடிட்டும் போகிறதா? அதுவும் 2025 வரை என்றுதான் படித்திருந்தேன்.

---

பிளேனோ_கணக்கர் | டிசம்பர் 16, 2025

அது தப்பித்துவிட்டது மேடம். பிரிவு 45எஸ். இந்த வருடத்தோடு முடிய வேண்டியதை ஜூலைச் சட்டம் நிரந்தரமாக்கிவிட்டது. எழுத்தில் விடுப்புக் கொள்கை வேண்டும், குறைந்தது இரண்டு வாரம், சம்பளத்தில் பாதிக்குக் குறையாமல். கொடுக்கும் அளவைப் பொறுத்து 12.5 முதல் 25 சதவீதம் வரை கிரெடிட். 2026-இலிருந்து விடுப்புக் காப்பீட்டுப் பிரீமியத்தையும் கணக்கில் கொள்ளலாம்.

ஊழியர்களின் குழந்தைப் பராமரிப்புக்குச் செலவழித்தால் கிடைக்கும் 45எஃப் இன்னும் பெரிதாகியிருக்கிறது. 25 சதவீதம், உச்சம் ஒன்றரை லட்சம் டாலர் என்றிருந்தது 2026 முதல் 40 சதவீதம், 5 லட்சம். சிறு நிறுவனத்துக்கு 50 சதவீதம், 6 லட்சம். "எல்லாம் முடிகிறது" என்று வருகிற மெயில்கள் இதைச் சொல்வதில்லை, அவர்களுக்கு இதில் கமிஷன் இல்லை போலும்.

---

எடிசன்வாசி | டிசம்பர் 30, 2025

ஹீட் பம்ப் நேற்று ஓட ஆரம்பித்துவிட்டது. ஜோடி எண், நான்கு எழுத்து எண், தேதி போட்ட இன்வாய்ஸ் மூன்றும் கையில். சோலார் இப்போதைக்கு இல்லை. ஒரே சந்தேகம்: இதே வாரம் இரண்டு ஜன்னலும் மாற்றினேன். அதற்கும் ஹீட் பம்ப்பின் 2,000-த்துக்கும் மோதுமா?

---

பிளேனோ_கணக்கர் | டிசம்பர் 30, 2025

மோதாது. ஜன்னல், கதவு, இன்சுலேஷன் எல்லாம் தனியாக 1,200 உச்சத்துக்குள். ஜன்னலுக்கு மட்டும் 600. ஆனால் ஜன்னலில் பொருளின் விலைக்கு மட்டும்தான் 30 சதவீதம், மாட்டிய கூலிக்குக் கிடையாது. ஹீட் பம்ப்பில் கூலியும் சேரும். இன்வாய்ஸில் பிரித்துப் போடச் சொல்லுங்கள். ஜன்னல் "எனர்ஜி ஸ்டார் மோஸ்ட் எஃபிஷியண்ட்" வகையா என்றும் பாருங்கள். வெறும் எனர்ஜி ஸ்டார் முத்திரை போதாது.

---

இட்லிக்கடை_சிகாகோ | ஜனவரி 5, 2026

டபிள்யூ.ஓ.டி.சி. நீட்டிக்கப்படாமல் வருடம் பிறந்துவிட்டது. எடிசன் மச்சானுக்கும் மற்ற கடைக்காரர்களுக்கும்: இந்த மாதம் எடுக்கும் ஆட்களுக்கும் 8850-ஐ நிரப்பி 28 நாளுக்குள் அனுப்பிக்கொண்டே இருங்கள். முந்தைய இடைவெளிகளில் மாநிலங்கள் படிவத்தை வாங்கி வைத்துக்கொண்டன, சான்றிதழ் மட்டும் கொடுக்கவில்லை. முன்தேதியிட்டுப் புதுப்பித்த பிறகு தாமதமாக அனுப்பியவர்களுக்கும் ஐ.ஆர்.எஸ். அவகாசம் கொடுத்ததுண்டு. ஆனால் ஒரு வருடம் கழித்து, வேலையை விட்டுப் போன ஆளைத் தேடிப் பிடித்துக் கையெழுத்து வாங்குவது நடக்கிற காரியமா? இந்தப் பணத்தை வரவு செலவில் மட்டும் எழுதாதீர்கள்.

---

கேரி_கார்த்தி | ஜனவரி 7, 2026

என் இறுதி இன்ஸ்பெக்‌ஷன் டிசம்பர் 18-ஆம் தேதியே முடிந்தது, ஸ்டிக்கர் படம் எடுத்துவிட்டேன். மின் நிறுவன அனுமதி இன்னும் வரவில்லை. வேறு ஒன்று: காருக்கு வீட்டில் சார்ஜர் போட வேண்டும். அதுவும் முடிந்துவிட்டதா?

---

பிளேனோ_கணக்கர் | ஜனவரி 7, 2026

இல்லை. மின்சாரக் கார் கிரெடிட் போன செப்டம்பர் 30-ஓடு போய்விட்டது, சார்ஜருக்கு 2026 ஜூன் 30 வரை இருக்கிறது. 30 சதவீதம், 1,000 டாலர் உச்சம். ஆனால் உங்கள் வீடு இருக்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வட்டம் தகுதியான பட்டியலில் இருக்க வேண்டும். முதலில் அதைப் பாருங்கள், அப்புறம் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.